பனியன் வேஸ்ட்டும் புத்துக் காளானும்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி என்னைக் காளான் பார்க்கக் கூட்டிப்போனாள். பறிக்க அல்ல, பார்க்க. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கூடை எடுத்துப் போயிருக்க மாட்டேன்.

அவள் படிக்கிற காலேஜில் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காலையில் பஸ் ஏறி, ஊருக்கு வெளியே ஒரு குளத்தங்கரைக்குப் போய், பூச்சி, குருவி, காளான் எல்லாவற்றையும் நின்று நின்று பார்ப்பார்கள். பார்க்கும்போது பேசக் கூடாதாம். நானும் அரை மணி நேரம் பேசாமல் இருந்தேன். தூங்காமல் அவ்வளவு நேரம் நான் வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கீரி குறுக்கே ஓடியது, எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். ஒரு ஓணான் கல்லின் மேல் உட்கார்ந்து தண்டால் எடுத்தது, அதை ஆளுக்கு இருபது போட்டோ எடுத்தார்கள். என் கல்யாணத்துக்கே மொத்தம் எட்டு போட்டோதான். அதில் இரண்டில் நான் இல்லை.

அப்புறம் ஒரு வேப்ப மரத்தடியில் நாலே நாலு காளான். அவ்வளவுதான், அத்தனை பேரும் மண்ணில் குப்புறப் படுத்துவிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் போனைக் காளானிடம் நீட்டினாள். போன் அதைப் பார்த்து இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னது. காளான் பதில் சொல்லவில்லை. நான் மட்டும் கூடையோடு நின்றேன். கை தன்னால் கீழே போய்விட்டது.

"அம்மாயி, தொடாதீங்க" என்றாள் பேத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"திங்கறதுக்கு இல்லீன்னா அப்பறம் எதுக்குக் கண்ணு இத்தன பேரு உழுந்து கும்பிடறீங்க?"

படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்த சத்தத்தில், காலையிலிருந்து அவர்கள் காத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு குருவி பறந்துபோய்விட்டதாம். அதற்கப்புறம் என்னை வரிசையில் கடைசி ஆளாகப் போட்டார்கள்.

ஆனால் குனிந்தபோது மூக்கில் ஏறியதே ஒரு வாசம், ஈர மண்ணும் உளுத்த கட்டையும் கலந்த வாசம், அது என்னோடு வேலை பார்த்த ரோஸ்லினுடைய அம்மாவை அப்படியே கூட்டிவந்து என் முன்னால் நிறுத்திவிட்டது. கையில் எவர்சில்வர் தட்டோடு. தட்டு எதற்கு என்று கேட்பீர்கள், சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். நான் ஊடு என்றால் வீடு என்று எழுதுகிறாள். எழுதட்டும், எப்படி எழுதினாலும் எங்கள் கூரை ஒழுகத்தான் செய்யும்.

அப்போது எனக்கு இருபது வயசுகூட இருக்காது. ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து பாசஞ்சர் வண்டி பிடித்துத் தினமும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்வருவேன். செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை மேசை மேல் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதென்று பார்த்து, அந்த இடத்தில் பொட்டு மாதிரி ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதற்குப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். எனக்குக் கழுகுக் கண் என்று சூப்பர்வைசரே நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். இதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் இந்தக் கண்ணின் மானம் போகப்போகிறது.

எதிர் மேசையில் ரோஸ்லின். தெற்கே பனைமரச் சீமையிலிருந்து வந்தவள், என்னைவிட இரண்டு வயசு சின்னவள். கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். நான் கொண்டுபோகிற ஊத்துக்குளி வெண்ணெயை அவள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்று நினைத்து ஒருநாள் தலையில் தடவிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க ஈ அவளை விடவில்லை. அன்றைக்குத்தான் சிநேகம் ஆனோம்.

ஒரு புரட்டாசி மாசம், சனிக்கிழமை, அவள் மேசையில் உட்கார்ந்து அழுதாள். வெள்ளைப் பனியன் மேல் கண்ணீர் சொட்டியது. பழக்கதோஷத்தில் நான் அந்த ஈரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

"ஏம் புள்ள அழுவற?"

"அம்ம வந்துருக்கா யக்கா. திங்கக்கிழம என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாளாம்."

விஷயம் இதுதான். திருப்பூரில் பார்க்கிற இடமெல்லாம் கம்பெனியும் சாயத் தண்ணியும்தான், மண்ணில் ஒன்றும் முளைக்காது என்று யாரோ அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு புல் பூண்டு தானாக முளைக்காத ஊரில் பிள்ளையை விடக் கூடாது என்று அவர் பஸ் ஏறிவிட்டார். ஊருக்குப் போனால் ரோஸ்லினுக்கு ஓலைப்பெட்டி முடைகிற வேலையும் மாமன் மகனும் தயார். மாமன் மகன் நல்ல பையன்தானாம். ஆனால் சிரித்தால் கழுதை கனைக்கிற மாதிரி இருக்குமாம். அவள் எதற்கு அழுதாளோ தெரியாது, நான் அந்தச் சிரிப்பை நினைத்து அழுதேன்.

சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். குள்ளமாக, உறுதியாக, வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்கூர்ல மொளைக்காதுன்னு ஆருங்க சொன்னது? நாளைக்கு எங்கூட்டுக்கு வாங்க. காட்டுல புத்துக் காளான் நெம்பக் கெடக்குது. உங்க கையாலயே பறிக்கலாம்."

"காட்டுலயா?" என்றார் அவர். வெற்றிலை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. "காளான் இருந்தா பாப்போம். இல்லன்னா திங்கக்கிழம வண்டிதான்."

மறுநாள் காலையில் ஊத்துக்குளி ஸ்டேஷனில் இரண்டு பேரும் இறங்கினார்கள். ரோஸ்லின் கையில் ஒன்றும் இல்லை. அம்மா கையில் ஒரு தடி, இடுப்பில் தீப்பெட்டி, கக்கத்தில் ஹாஸ்டல் எவர்சில்வர் தட்டு, ஒரு பெரிய கரண்டி. காலில் யாருடையதோ ரப்பர் ஷூ. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது.

"தட்டு எதுக்குங்கம்மா? எங்கூட்டுலயே இருக்குதுங்களே."

"சாப்பிடுததுக்கு இல்ல பிள்ள. ஆன வந்தா அடிக்கணும்லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் காடு என்றால் மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். சோளம், கடலை, கொள்ளு. அதைத்தான் காட்டுக்குப் போகிறேன், காட்டில் களை எடுக்கிறேன் என்போம். அவர்கள் ஊரில் அதற்கு விளை என்று பேர். காடு என்றால் அவர்களுக்கு யானை நிற்கிற காடுதான். ராத்திரி முழுக்க அந்த அம்மா தூங்காமல் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அப்படியும் வந்தாரே, அதைச் சொல்லுங்கள்.

காட்டுக்குள் இறங்கினோம். அவர் நின்று நாலு பக்கமும் பார்த்தார். இடுப்பு உயரத்துக்குச் சோளம், நடுவில் ஒரு வெள்ளாடு.

"காடு எங்க?"

"இதுதானுங்க காடு."

"ஆன?"

"ஆனையெல்லாம் இல்லீங்க. மயிலு இருக்குது."

"மயிலுக்கா நான் ரெண்டு ஷூ போட்டுட்டு வந்தேன்?" என்று ரோஸ்லினைப் பார்த்தார். ரோஸ்லின் ஆட்டைப் பார்த்தாள்.

கொஞ்ச தூரத்தில், வேலிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கொத்து. "பாத்தீங்களா, வந்ததும் காட்டிப்போட்டேன்" என்று ஓடினேன். முள்ளில் சேலை கிழிந்தது, கவலைப்படவில்லை. மண்டி போட்டு இரண்டு கையாலும் அள்ளினேன். ஒரு கை வந்தது. பனியன் கை. அடியில் இன்னும் நாலு கை, ஒரு கழுத்துப் பட்டி.

வேஸ்ட். துணி வெட்டும்போது விழுகிற துண்டைத்தான் நாங்கள் வேஸ்ட் என்போம். வண்டி துடைக்க, மிஷின் துடைக்க என்று அதை மூட்டை மூட்டையாக டெம்போவில் ஏற்றிப் போவார்கள். எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். மூட்டை வாயிலிருந்து காற்றில் பறந்து, வேலியிலும் புற்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அது காளான் மாதிரியே குந்தியிருக்கும், அதுதான் அதன் கெட்ட குணம்.

அந்த அம்மா ஒரு பனியன் கையை வாங்கி இழுத்துப் பார்த்தார். நன்றாக நீண்டது.

"கொழம்பு வச்சா இது எத்தன விசிலுக்கு வேவும்?"

எங்கள் காட்டின் மானத்தைக் காப்பாற்ற நான் வேகமாக நடந்தேன். கிணற்று மேட்டில் இன்னொரு வெள்ளை. இந்தத் தடவை ஓடவில்லை, பூனை மாதிரிப் போனேன். கிட்டத்தில் போனதும் அது கழுத்தை நீட்டி என்னைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. கொக்கு.

"உங்க ஊர்ல காளான் பறக்கும்போலருக்கு" என்றார் பின்னாலிருந்து.

ரோஸ்லின் என் காதில், "யக்கா, ஏதாச்சும் காட்டு யக்கா. எதையாச்சும்" என்றாள். அந்த நேரத்துக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் காட்டினேன். இது கள்ளிங்க, இது ஓணானுங்க, இது முயல் புழுக்கைங்க. புழுக்கையைக்கூடக் காட்டினேன் என்றால் என் நிலைமையைப் பாருங்கள்.

கிணற்றுக்கு மேல் சாய்ந்த பனைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. பனையைக் கண்டதும் அந்த அம்மா தானாக நின்றார். ஒரு கூட்டில் புல்லுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மினுங்கியது. ரோஸ்லின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பனியன் ஓரம் தைக்கிற ஓவர்லாக் நூலும்மா அது. போன மாசம் எங்க கம்பெனில ஆரஞ்சு ஆர்டர் ஓடிச்சு. அந்த நூலேதான்."

"அப்ப இந்தக் குருவிக்கும் பனியன் கம்பெனில வேலையா?"

"ஆமாம்மா."

"ஹாஸ்டல்ல இல்லாம வீட்ட கெட்டிட்டு இருக்கு. கெட்டிக்காரக் குருவி" என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டு அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். ஆண் குருவி வந்து நூலை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டது. தையல் கொஞ்சம் கோணல்தான். எனக்கு ஸ்டிக்கர் ஒட்டக் கை பரபரத்தது.

ஆனால் குருவியைக் குழம்பு வைக்க முடியாது. வெயில் ஏறிவிட்டது. என் கையிலிருந்த கூடை காலியாக இருந்தது. நான் மனசுக்குள் முருகனிடம் சண்டை போட்டுக்கொண்டே திரும்பும் வழியில் முன்னால் நடந்தேன். வரப்போரம் ஒரு கறையான் புற்று. புற்றைச் சுற்றி மறுபடியும் வெள்ளை வெள்ளையாக. எனக்கு எரிச்சலாக வந்தது.

"அதும் வேஸ்ட்டுதானுங்கம்மா. நடங்க" என்று சொல்லி, அதன் மேலேயே காலைத் தூக்கினேன்.

டங்கென்று ஒரு சத்தம். யானைக்குக் கொண்டுவந்த தட்டை அந்த அம்மா கரண்டியால் அடித்தார். நான் ஒற்றைக் காலில் நின்றுவிட்டேன். வெள்ளாடு ஓடிப்போனது. பக்கத்துச் சோளக்காட்டிலிருந்து மூன்று மயில் கத்திக்கொண்டு எழுந்தன.

"காலைக் கீழ வச்சிராத பிள்ள. அது துணியா? குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். மொட்டும் குடையுமாக நாற்பது ஐம்பது காளான். ராத்திரிதான் வந்திருக்கிறது, குடை மேல் இன்னும் மண் இருந்தது. வாசம் அடித்தது பாருங்கள்.

"இவதான் பனியன்ல ஓட்ட கண்டுபிடிக்கவளா?" என்று கேட்டார், ரோஸ்லினிடம்.

"கம்பெனிலயே இந்த யக்காதாம்மா பெஸ்ட்டு" என்றாள் அவள். உதவி செய்கிறாளாம்.

அந்த அம்மா புற்றைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆட்டி, திருகாமல், நோகாமல் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் அம்மா சின்ன வெங்காயமும் தேங்காயும் அரைத்துக் குழம்பு வைத்தாள். அவர் மூன்று தடவை சோறு வாங்கினார். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவே இல்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கை கழுவிவிட்டுத்தான் பேசினார்.

"சும்மாவும் குடுக்குத மண்ணுதான். சரி, பிள்ள இருக்கட்டும்."

ரோஸ்லின் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இரு, இன்னும் முடிக்கல. அடுத்த காளான் பூக்கத வரைக்கும்தான். பூத்த அன்னைக்கே எனக்குப் போன் வரணும். வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

திங்கட்கிழமை வண்டியில் அவர் மட்டும் போனார். தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹாஸ்டல் வார்டன் ரொம்ப நாள் தேடினாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் ஓடியது. ஊரே மழைக்குக் காத்திருந்தால் ரோஸ்லின் மட்டும் வெயிலுக்கு வேண்டிக்கொண்டாள். இடி இடித்தால் மேசையை விட்டு எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். கடைசியில் புரட்டாசியில் ஒருநாள் கொட்டித் தீர்த்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். புற்று முழுக்கப் பூத்திருந்தது, போன வருஷத்தைவிட அதிகம். வெட்கமே இல்லாமல் பூத்திருந்தது.

"யக்கா, இப்ப என்ன செய்ய?"

நான் யோசித்தேன். "பூத்தாத்தான புள்ள போன் போடோணும்?"

"பூத்துருக்கே."

"நாம தின்னுப்போட்டா?"

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒன்றுகூட விடாமல் பறித்தோம். குழம்பு, வறுவல், தணலில் சுட்டது என்று சாட்சியை முழுக்கத் தின்று முடித்தோம். அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த போன் பூத்துக்குப் போனோம். அவர்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் போய்க் கூட்டிவரும்வரை காத்திருந்தோம்.

"பூத்துச்சாட்டி?" என்றார் அந்த அம்மா. எனக்கே வெளியில் கேட்டது.

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல" என்ற ரோஸ்லினுக்கு அப்போது பார்த்து ஒரு ஏப்பம் வந்தது. சின்ன ஏப்பம் இல்லை.

"என்னளா சத்தம்?"

"லைன்ல கோளாறும்மா."

"சரி, அடுத்த வருசம் பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

இப்படியே வருஷா வருஷம். பூக்கும், தின்போம், பூக்கவில்லை என்று போன் போடுவோம். நடுவில் ரோஸ்லினுக்கு அவர்கள் பக்கத்துத் தையல்காரர் ஒருவரோடு இங்கேயே கல்யாணம் ஆனது. நன்றாகச் சிரிப்பார். அந்த அம்மா கல்யாணத்துக்கு வந்து மூன்று நாள் இருந்தார், காளானைப் பற்றி மூச்சு விடவில்லை. சரி, கெடு முடிந்தது என்று நினைத்தோம். அந்தப் புரட்டாசியிலும், "என்னளா, பூத்துச்சா?" என்று தானே போன் போட்டார். மறுபடியும் வாயைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்றோம். எங்கள் பிள்ளைகளும் அந்தக் காளானைத் தின்று, அந்தப் பொய்யைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

ஒரு வருஷம் கூடையோடு போனோம். பனைமரம் இல்லை, வேலி இல்லை. காடு முழுக்க ஜேசிபி ஓட்டி, மேசை மாதிரி மட்டமாக்கி, மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். வீடு கட்ட சைட் போட்டுவிட்டார்கள்.

"எடம் மாறி வந்துட்டோமா யக்கா?" என்றாள் ரோஸ்லின்.

இல்லை. கிணறு மட்டும் பாதி மூடி இருந்தது, அதை வைத்துக் கண்டுபிடித்தோம். புற்று இருந்த இடத்தில் பத்தடி ரோடு. கூடையைக் கீழே வைத்தோம். அதற்குள் அவள் இடுப்பில் செல்போன் அடித்தது. அம்மாதான்.

"பூத்துச்சாட்டி?"

"இல்லம்மா."

"ஏன் அழுவுத?"

"நெசமாவே இல்லம்மா. புத்தையே இடிச்சிட்டாவ. ஒண்ணுமே இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு. வயசான சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது.

"ஏட்டி, மொத வருசம் நீ ஏப்பம் விட்டியே, அன்னைக்கே எனக்குத் தெரியும். இத்தன வருசமா பூக்கல பூக்கலன்னே சொன்னவ, இப்ப புத்தையே காணலங்கியா? வாயத் தொடச்சிட்டுப் பேசு."

"இல்லம்மா, சத்தியமா." போனை என்னிடம் கொடுத்தாள்.

"நெசமுங்கம்மா, நானும் இங்கதான் நிக்கறேன்" என்றேன்.

"நீ பேசாத பிள்ள. காளான வேஸ்ட்டுன்னவதான நீ."

எந்த நீதிபதி கேட்டாலும் என் சாட்சி செல்லாது.

அதோடு நாங்கள் அந்த அம்மாவிடம் உண்மை சொல்வதை விட்டுவிட்டோம். இப்போது அவருக்கு எழுந்து நடக்க முடியாது. மழைக்காலம் வந்தால் மட்டும் யாரையாவது பிடித்து ரோஸ்லினுக்குப் போன் போடச் சொல்வார். போன வாரம் குளத்தங்கரையிலிருந்து நேராக ரோஸ்லின் வீட்டுக்குத்தான் போனேன், கூடை காலியாக. நான் இருக்கும்போதே போன் வந்தது.

"தின்னாச்சா?"

"தின்னாச்சும்மா."

"அவ?"

"யக்காவும் தின்னாச்சு. கூடை நெறைய கெடச்சுது."

"நல்லா இருங்க" என்றார். பிறகு, வைக்கப் போனவர் நிறுத்தி, "புத்த மிதிச்சிராதீய, என்ன? அடுத்த வருசத்துக்கு வேணும்" என்றார்.

"சரிம்மா" என்றாள் ரோஸ்லின்.